'அன்நேச்சுரலி': எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது

ஆங்கில–தமிழ் அகராதியில் 'அன்நேச்சுரலி' என்ற சொல்லைத் தேடினால் பெரும்பாலும் 'இயற்கைக்கு மாறாக' என்றுதான் இருக்கும். தப்பில்லை. ஆனால் அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு 'தி ஹவுஸ் வாஸ் அன்நேச்சுரலி குவயட்' என்ற வரியைப் படித்தால், 'வீடு இயற்கைக்கு மாறாக அமைதியாக இருந்தது' என்று வரும். தமிழில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'வீடு என்னவோ போல் அமைதியாக இருந்தது' என்போம், அல்லது 'வழக்கத்துக்கு மாறான அமைதி' என்போம். அகராதி சொன்ன பொருளுக்கும் வரி கேட்கிற பொருளுக்கும் நடுவே இருக்கிற இந்த இடைவெளிதான் புதிதாகக் கற்பவர்களைத் தடுமாற வைக்கிறது. ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதல் படி: இயற்கையா, இயல்பா?

தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. மலை, மழை, மரம் எல்லாம் இயற்கை. ஒரு மனிதர் நடந்துகொள்ளும் விதம், ஒரு தெருவின் அன்றாடச் சத்தம், ஒரு முகத்தின் நிறம் இவையெல்லாம் இயல்பு. ஆங்கிலம் இந்த இரண்டையும் 'நேச்சுரல்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிடுகிறது. 'நேச்சுரல் ஃபாரஸ்ட்' என்றால் இயற்கைக் காடு, 'நேச்சுரல் ஸ்மைல்' என்றால் இயல்பான புன்னகை.

'அன்நேச்சுரலி' பெரும்பாலும் இரண்டாவது பக்கத்தில்தான் புழங்குகிறது. அதாவது, அது சொல்வது 'இயல்புக்கு மாறாக'. ஆகவே இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் முதலில் 'இயல்பு' என்று வைத்துப் படித்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் மட்டும் 'இயற்கை'க்குப் போங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: எழுத்தும் உச்சரிப்பும்

எழுத்துப் பிழை இரண்டு இடத்தில் வரும். முன்னால் ஒட்டுகிற 'அன்' என்பது 'என்' எழுத்தில் முடிகிறது, 'நேச்சுரல்' அதே எழுத்தில் தொடங்குகிறது. எனவே 'என்' இரண்டு. பின்னால் 'நேச்சுரல்' 'எல்' எழுத்தில் முடிகிறது, 'லி' அதே எழுத்தில் தொடங்குகிறது. எனவே 'எல்' இரண்டு. இரண்டு இடத்திலும் ஒன்றை விழுங்கிவிடாமல் எழுதினால் சரி.

உச்சரிப்பில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். தமிழில் எல்லோரும் 'நேச்சுரல்' என்றே எழுதுகிறோம், இந்தக் கட்டுரையும் அப்படித்தான் எழுதுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் 'நேச்சர்' என்பதில் வரும் 'நே' வேறு, 'நேச்சுரல்' என்பதில் வரும் ஒலி வேறு. பின்னது, 'ஆப்பிள்' என்று நாம் எழுதும் சொல்லை ஆங்கிலேயர் சொல்லும்போது முதலில் வாயைத் திறந்து ஒலிக்கும் ஒலி, 'ஆ'வுக்கும் 'ஏ'வுக்கும் நடுவில் இருப்பது. 'நேஷன்', 'நேஷனல்' என்ற ஜோடியிலும் இதே மாற்றம் நடக்கிறது. வால் நீண்டதும் முதல் உயிரொலி மாறிவிடுகிறது. அழுத்தம் 'அன்' மீது விழாது, அதற்கு அடுத்த அசை மீதுதான் விழும். 'அன்'னை அழுத்திச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம். எதிர்ப்பொருளைக் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில் அப்படி வருகிறது என்று நினைக்கிறேன்.

மூன்றாம் படி: உரிச்சொல்லுக்கு முன்னால் போடுங்கள்

இந்தச் சொல் அதிகம் உட்காரும் இடம், தன்மையைச் சொல்லும் சொல்லுக்கு நேர் முன்னால். அன்நேச்சுரலி குவயட், அன்நேச்சுரலி காம், அன்நேச்சுரலி பேல், அன்நேச்சுரலி பிரைட், அன்நேச்சுரலி ஒயிட். அமைதி, நிதானம், வெளிறிய நிறம், பளிச்சென்ற ஒளி, வெண்மை: எல்லாம் சாதாரணத் தன்மைகளே. 'அன்நேச்சுரலி' சேர்ந்ததும், 'இந்த அளவுக்கு இருக்கக் கூடாதே, ஏன் இப்படி?' என்ற சந்தேகம் கூட வந்துவிடுகிறது.

இதை 'வெரி' என்பதற்கு மாற்றாக நினைக்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை. ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வு நடக்கிற நேரம், வகுப்பறைகளில் குண்டூசி விழுந்தால் கேட்கும். அதை 'வெரி குவயட்' எனலாம், 'அன்நேச்சுரலி குவயட்' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். தேர்வு நேரத்தில் அமைதி என்பது எதிர்பார்த்ததுதானே. அதே பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, பிள்ளைகள் எல்லோரும் மைதானத்தில் நிற்கிறார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றால் 'தி பிளேகிரவுண்ட் வாஸ் அன்நேச்சுரலி குவயட்' என்ற வரி சரியாக உட்காரும். சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் சத்தம் இல்லை. என்னமோ நடந்திருக்கிறது. கதை எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை விரும்புவதற்குக் காரணமும் இதுவே: அடுத்த வரியில் எதுவோ வரப்போகிறது என்று வாசகரை உஷார்ப்படுத்திவிடுகிறது.

இதே வரியைத் தமிழாக்கும்போது 'மயான அமைதி' என்று போட ஆசை வரும். இடம் பார்த்துப் போடுங்கள். அது ஒரு படி கூடுதல் கனம்.

வினைச்சொல்லுக்குப் பின்னாலும் இது வரும். 'ஷி ஸ்மைல்டு அன்நேச்சுரலி' என்றால் அவளுடைய சிரிப்பு ஒட்டவில்லை, ஒப்புக்குச் சிரித்தாள். 'ஹிஸ் லெக் வாஸ் பென்ட் அன்நேச்சுரலி' என்றால் கால் வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தது. விபத்துச் செய்திகளில் இந்த வரியைப் பார்க்கலாம். 'ஆக்ட்' என்ற வினையோடு மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். 'ஹி ஆக்டட் அன்நேச்சுரலி' என்றால் மோசமாக நடித்தார் என்றும் கொள்ளலாம், இயல்புக்கு மாறாக நடந்துகொண்டார் என்றும் கொள்ளலாம். சூழல்தான் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: 'ஆக' என்ற பொறி

தமிழர்களுக்கென்றே இருக்கிற பிழை இது. அதனால் இதற்குக் கூடுதல் கவனம் கொடுங்கள்.

தமிழில் 'இயல்பான' என்றால் பெயரோடு சேரும், 'இயல்பாக' என்றால் வினையோடு சேரும். 'ஆன' ஆங்கில உரிச்சொல், 'ஆக' ஆங்கில வினையுரிச்சொல் என்று பள்ளியில் ஒரு கணக்குப் போட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு 'இரு' என்ற வினை வரும்போது கவிழ்ந்துவிடும். 'படம் அழகாக இருக்கிறது' என்பதில் 'ஆக' இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் 'பியூட்டிஃபுல்லி' வராது, 'பியூட்டிஃபுல்' தான் வரும். அதே கதைதான் இங்கேயும். 'அவருடைய நடிப்பு செயற்கையாக இருந்தது' என்பதை 'ஹிஸ் ஆக்டிங் வாஸ் அன்நேச்சுரலி' என்று எழுதினால் வாக்கியம் பாதியில் நிற்கும். கேட்கிறவர், 'அன்நேச்சுரலி… என்ன?' என்று காத்துக்கொண்டிருப்பார். 'ஹிஸ் ஆக்டிங் வாஸ் அன்நேச்சுரல்' என்பதே சரி.

'இஸ்', 'வாஸ்' மட்டும் இல்லை. லுக், சவுண்ட், ஃபீல், சீம், டேஸ்ட் இவற்றுக்குப் பின்னாலும் 'லி' வராது. 'ஹெர் வாய்ஸ் சவுண்டட் அன்நேச்சுரல்' சரி. 'சவுண்டட் அன்நேச்சுரலி' என்று எழுதிவிட்டால், பின்னால் ஒரு தன்மைச் சொல்லைச் சேர்த்தே ஆக வேண்டும்: 'ஹெர் வாய்ஸ் சவுண்டட் அன்நேச்சுரலி ஹை', குரல் வழக்கத்துக்கு மீறிக் கீச்சென்று ஒலித்தது.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று. தமிழ் வாக்கியத்தில் 'ஆக' முடிந்ததும் 'இருந்தது', 'தெரிந்தது', 'பட்டது' என்று வந்தால் ஆங்கிலத்தில் 'லி'யை வெட்டுங்கள். 'சிரித்தாள்', 'வளைந்தது', 'பேசினார்' என்று ஒரு செயல் வந்தால் 'லி'யை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு மாம்பழத்தை வைத்து 'ஆர்ட்டிஃபிஷியலி'யைப் பிரியுங்கள்

'செயற்கையாக' என்ற தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வாசல்கள். ஒன்று நாம் பேசிக்கொண்டிருப்பது. இன்னொன்று 'ஆர்ட்டிஃபிஷியலி'. இரண்டையும் மாற்றிப் போட்டால் பொருளே மாறிவிடும். கோடைக்காலத்து மாம்பழச் செய்தி இதற்கு நல்ல பாடம்.

ஒவ்வோர் ஆண்டும் சீசன் தொடங்கியதும் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சந்தைகளில் சோதனை போடுவதும், ஆங்கிலப் பத்திரிகைகளில் 'ஆர்ட்டிஃபிஷியலி ரைப்பண்ட் மேங்கோஸ்' பறிமுதல் என்று செய்தி வருவதும் வழக்கம். நம் ஊரில் 'கல் வைத்துப் பழுக்க வைத்தது' என்கிறோமே, அது. கல் என்பது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டதும் அதிலிருந்து அசிட்டிலீன் வாயு கிளம்பி, காயைப் பழுத்த நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். கார்பைடோடு ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கக்கூடும் என்பதால் பழத்துக்கு அதைப் பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) அளவு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. எத்திலீன், காய் பழுக்கும்போது தானே உண்டாக்கிக்கொள்ளும் வாயுதான்.

இப்போது மொழியைப் பாருங்கள். கார்பைடில் பழுத்ததும் 'ஆர்ட்டிஃபிஷியலி ரைப்பண்ட்', அனுமதி பெற்ற எத்திலீன் அறையில் பழுத்ததும் 'ஆர்ட்டிஃபிஷியலி ரைப்பண்ட்' தான். அந்தச் சொல் குற்றம் சாட்டவில்லை. மனிதன் கைவைத்தான் என்று மட்டும் சொல்கிறது. எப்படி நடந்தது என்ற கேள்விக்கு அது பதில். (வைக்கோலில் புதைத்துப் பழுக்க வைப்பதும் மனிதன் கைவைப்பதுதானே என்றால், கணக்குப்படி ஆமாம். ஆனால் அதை யாரும் 'ஆர்ட்டிஃபிஷியலி' என்று எழுதுவதில்லை. பழகிப்போன வழிக்கு அந்தப் பட்டம் கிடைப்பதில்லை.)

அதே பழத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறீர்கள். காம்பிலிருந்து நுனி வரை ஒரே மஞ்சள், ஒரு பச்சைத் திட்டு இல்லை. வெட்டினால் உள்ளே வெளிறிப்போய்ப் புளிக்கிறது. இப்போது 'தி மேங்கோ வாஸ் அன்நேச்சுரலி எல்லோ' என்று சொல்வீர்கள். இது உங்கள் கண்ணின் தீர்ப்பு. பழம் எப்படி மஞ்சளானது என்று இந்த வாக்கியம் சொல்லவில்லை. இவ்வளவு மஞ்சளாக இருப்பது சரியில்லை என்று மட்டும் சொல்கிறது.

ஆக, செய்முறையைச் சொல்ல 'ஆர்ட்டிஃபிஷியலி', தோற்றத்தைப் பற்றிய உறுத்தலைச் சொல்ல 'அன்நேச்சுரலி'. இலக்கண அடையாளமும் உண்டு. 'ஆர்ட்டிஃபிஷியலி'க்குப் பின்னால் பெரும்பாலும் 'செய்யப்பட்ட' என்ற பொருள் தரும் சொல் வரும்: ஃபிளேவர்டு, கலர்டு, ஸ்வீட்டண்ட், ரைப்பண்ட், இன்ஃபிளேட்டட். செயற்கை மழையையும் 'ஆர்ட்டிஃபிஷியலி இண்டியூஸ்டு ரெயின்' என்பார்கள். 'அன்நேச்சுரலி'க்குப் பின்னால் எல்லோ, ஸ்மூத், ஸ்டிஃப் மாதிரி தன்மைச் சொல் வரும்.

விதிவிலக்கு ஒன்று பொருளாதாரப் பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படும்: 'ஆர்ட்டிஃபிஷியலி லோ பிரைசஸ்', 'ஆர்ட்டிஃபிஷியலி ஹை பிரைசஸ்'. லோ, ஹை இரண்டும் தன்மைச் சொற்கள்தான். ஆனாலும் யாரோ பின்னாலிருந்து விலையைப் பிடித்து அமுக்கியிருக்கிறார் அல்லது தூக்கியிருக்கிறார் என்ற பொருள் வேண்டும் என்பதால் இங்கே 'ஆர்ட்டிஃபிஷியலி' வருகிறது. பதுக்கல் காரணமாக வெங்காய விலை ஏறினால் 'ஆர்ட்டிஃபிஷியலி ஹை'. மழையில் பயிர் அழுகி விலை ஏறினால் வெறும் 'ஹை'.

ஆறாம் படி: பக்கத்து வீட்டுச் சொற்கள்

சிலவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் சர்க்கரை கூடியிருந்தால் 'அப்நார்மலி ஹை', அங்கே ஓர் அளவுகோல் இருக்கிறது, அதைத் தாண்டியிருக்கிறது. எண் இருக்கிற இடத்தில் 'அன்நேச்சுரலி' வேண்டாம். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது, அது எழுதுகிறவரின் மன உறுத்தலைத்தான் காட்டும். வழக்கமாக இப்படி இல்லை என்று மட்டும் சொல்ல 'அன்யூஷுவலி' போதும், அதில் சந்தேகம் கிடையாது. மார்கழியில் வெயில் கொளுத்தினால் 'அன்சீஸனபிலி வார்ம்'. பேய், தெய்வம் என்று போனால் 'சூப்பர்நேச்சுரலி'. கூச்சத்தில் சிரித்தால் 'ஆக்வர்டுலி', அதில் பொய் இல்லை, தயக்கம்தான்.

இந்த நாளில் 'அன்நேச்சுரலி'க்குப் புதிதாக நிறைய வேலை கொடுத்திருப்பது செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படங்கள். 'அன்நேச்சுரலி ஸ்மூத் ஸ்கின்', ஒரு மரு, ஒரு சுருக்கம் இல்லாத தோல். வளையக் கூடாத பக்கம் வளைந்த விரல்கள். மனிதனைப் போலவே ஆனால் முழுக்க மனிதனாக இல்லாத உருவத்தைப் பார்த்தால் நமக்கு ஏன் ஒரு மாதிரி ஆகிறது என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதியிருக்கிறார். அந்த 'ஒரு மாதிரி'யைச் சொல்ல ஆங்கிலத்தில் கைக்கு எட்டுகிற சொற்களில் இது ஒன்று.

ஏழாம் படி: வாக்கியத்தின் தலையில்

'நேச்சுரலி, ஹி ரெஃப்யூஸ்டு' என்றால் 'வேறென்ன, மறுத்துவிட்டார்' என்று பொருள். இங்கே இயற்கையும் இல்லை, இயல்பும் இல்லை, 'எதிர்பார்த்ததுதான்' என்று பேசுகிறவர் தலையாட்டுகிறார். சரி, எதிர்பாராதது நடந்தால்? 'அன்நேச்சுரலி, ஹி அக்ரீடு' என்று போட்டால் போச்சு. 'நேச்சுரலி'யை இப்படித் தலையில் வைப்பது மாதிரி 'அன்நேச்சுரலி'யை வைப்பதில்லை. 'சர்ப்ரைசிங்லி' அல்லது 'ஸ்ட்ரேஞ்ச்லி' போடுங்கள்.

ஆனால் முன்னால் 'நாட்' சேர்ந்துவிட்டால் கதவு திறந்துவிடும். 'நாட் அன்நேச்சுரலி, ஷி வாஸ் ஆங்ரி.' இதை 'செயற்கையாக இல்லாமல் அவள் கோபப்பட்டாள்' என்று மொழிபெயர்த்தால் அனர்த்தம். 'அவளுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை' என்பதே பொருள். 'கோபம் வரத்தானே செய்யும்' என்றுகூட எழுதலாம். பிரிட்டிஷ் எழுத்தில், குறிப்பாக வரலாறு, வாழ்க்கை வரலாறு போன்ற நூல்களில், இது நிறைய வரும். காற்புள்ளியைக் கவனியுங்கள், அதை விட்டால் வாக்கியம் தடுமாறும்.

எட்டாம் படி: சட்டத்திலும் மனிதர்களிடத்திலும்

காவல் நிலையப் பக்கம் போனால் 'அன்நேச்சுரல் டெத்' என்ற தொடரைக் கேட்கலாம். தற்கொலை, விபத்து, கொலை என்று நோயோ முதுமையோ அல்லாத சாவு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் பதிவான இது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 194-ஆம் பிரிவுக்கு மாறியிருக்கிறது. நம் செய்தித்தாள்கள் இதைப் பெரும்பாலும் 'சந்தேக மரணம்' என்கின்றன, நல்ல மொழிபெயர்ப்பு. 'ஹி டைடு அன்நேச்சுரலி' என்று எழுதுவது மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டாது. 'டைடு ஆஃப் அன்நேச்சுரல் காஸஸ்' என்பார்கள், அல்லது பெயர்ச்சொல்லாகவே விட்டுவிடுவார்கள்.

இன்னோர் இடம் மனிதர்கள். 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 377-ஆம் பிரிவின் தலைப்பு 'அன்நேச்சுரல் அஃபென்ஸஸ்'. ஒருபால் உறவையே அந்தச் சொல்லால் குற்றமாக்கி வைத்திருந்தார்கள். வயது வந்தோர் மனமொத்த உறவை அதிலிருந்து 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. இந்தச் சொல் இத்தனை பேரின் வாழ்க்கையை நசுக்கியிருக்கிறது என்று தெரிந்த பிறகு, யாருடைய அன்பையும், உடலையும், பேச்சு நடையையும் இதை வைத்து வருணிப்பது கூடாது என்பது என் கருத்து. இலக்கணம் அனுமதித்தாலும் சரி.

ஒன்பதாம் படி: எழுதிப் பாருங்கள்

கீழே உள்ளவற்றை ஆங்கிலமாக்குங்கள். விடையைப் பார்க்காமல் ஒரு முறை தாளில் எழுதிவிடுங்கள்.

அவர் சாவு வீட்டில் வழக்கத்துக்கு மாறாக நிதானமாக இருந்தார். இந்த லட்டு செயற்கையாக நிறமூட்டப்பட்டது. அந்த ரோபோவின் பேச்சு செயற்கையாக இருக்கிறது. அவன் தோற்றதில் ஆச்சரியமில்லை, அம்மா வருந்தியதிலும் ஆச்சரியமில்லை. பட்டாணி ஏதோ சாயம் போட்ட மாதிரிப் பச்சையாக இருக்கிறது.

முதலாவது 'ஹி வாஸ் அன்நேச்சுரலி காம் அட் தி ஃபியூனரல்'. 'காம்' இருப்பதால் 'லி' தங்கிவிட்டது. இரண்டாவது 'திஸ் லட்டு இஸ் ஆர்ட்டிஃபிஷியலி கலர்டு', இது செய்முறை. மூன்றாவதில் 'இருக்கிறது' வந்துவிட்டதால் 'தி ரோபோஸ் ஸ்பீச் சவுண்ட்ஸ் அன்நேச்சுரல்'. நான்காவதின் இரண்டாம் பாதி 'நாட் அன்நேச்சுரலி, ஹிஸ் மதர் வாஸ் அப்செட்'. முதல் பாதிக்கு 'ஹி லாஸ்ட், ஆஸ் எக்ஸ்பெக்டட்' போதும், ஒரே வாக்கியத்தில் 'நாட் அன்நேச்சுரலி'யை இரண்டு முறை வைத்தால் படிக்கிறவருக்குத் தலை சுற்றும்.

ஐந்தாவதில்தான் பெரும்பாலானோர் தயங்குவார்கள். சாயம் போட்டிருக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் 'ஆர்ட்டிஃபிஷியலி கலர்டு'. தெரியாது, பார்த்தால் அப்படித் தோன்றுகிறது என்றால் 'தி பீஸ் ஆர் அன்நேச்சுரலி கிரீன்'. வாக்கியத்தில் 'போட்ட மாதிரி' என்றுதான் இருக்கிறது. ஆகவே இரண்டாவதை எழுதுங்கள், கடைக்காரரோடு சண்டைக்குப் போவது பட்டாணியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகு இருக்கட்டும்.